ஃபுட்பால்ல கால் உடைக்கிற டேக்கிளுக்கு எத்தனை மேட்ச் தடை சரி? நாலு வழிய வெச்சு ஒரு ஒப்பீடு

ஒவ்வொரு தடவ ஒரு பிளேயர் ஸ்ட்ரெச்சர்ல போகும்போதும் அதே சண்டைதான் வருது. ஒரு பக்கம் "மூணு மேட்ச் தடையெல்லாம் ஒரு தண்டனையா, அடிபட்டவன் திரும்பி வர்ற வரைக்கும் அடிச்சவனும் வெளிய உக்காரட்டும்"ங்கறாங்க, இன்னொரு பக்கம் "ஃபுட்பால்னா உடம்பு மோதத்தான் செய்யும், ரெட் கார்டு குடுத்தாச்சுல்ல, விடுங்கப்பா"ங்கறாங்க. நடுவுல இருக்கறவங்கதான் அதிகம், அவங்களுக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கற மாதிரி தெரியுது, எதுல நிக்கறதுன்னு கேட்டுட்டே இருக்காங்க. அதனால இன்னைக்கு நடைமுறையில இருக்கற, இல்ல அடிக்கடி பேசப்படற நாலு வழிய எடுத்து ஒவ்வொண்ணா பாத்துடலாம். என் முடிவு என்னன்னு கடைசியில சொல்றேன், ஆனா அதுக்கு எப்படி வந்தேங்கறதுதான் முக்கியம்.

முதல்ல எதை வெச்சு அளக்கறது

தண்டிக்கறது எதை? டேக்கிளையா (எதிராளிகிட்ட இருந்து பந்தைப் பறிக்கப் போறது), அதனால வந்த காயத்தையா? ஃபுட்பாலோட விதி 12 இதுல தெளிவா இருக்கு. எதிராளியோட பாதுகாப்புக்கு ஆபத்து வர்ற மாதிரியோ, அளவுக்கு மீறின பலத்தோடயோ, மூர்க்கமாவோ டேக்கிள் பண்ணா அது சீரியஸ் ஃபவுல் ப்ளே, ரெட் கார்டு, அதாவது அந்த மேட்ச்ல இருந்தே வெளிய. காயம் ஆச்சா ஆகலையான்னு அங்க ஒரு வார்த்தை கூட கிடையாது. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி திரும்பத் திரும்ப வரும்.

ரெண்டாவது, இது அடுத்த டேக்கிளைத் தடுக்குமா? டேக்கிளுக்குப் போறவனுக்கு அரை செகண்டுதான் டைம், அந்த அரை செகண்டுல மூணு மேட்சா பத்து மேட்சான்னு எவனும் கணக்கு போட்டுப் பாக்க மாட்டான். அதனால தடை வேலை செய்யுதுன்னா அது கிரவுண்ட்ல இல்ல, அதுக்கு முன்னாடியே, ட்ரெய்னிங்ல கோச் என்ன சொல்லிக் குடுக்கறாரு, "மொதல்லயே ஒண்ணு குடுத்து அவன பயமுறுத்து"ன்னு சொல்றாரா இல்ல "நின்னு ஆடு, கீழ விழாத"ன்னு சொல்றாரா, அதுலதான் தெரியும். 1998 உலகக் கோப்பைக்கு முன்னாடி, பின்னால இருந்து வந்து ஆபத்தா டேக்கிள் பண்ணா கட்டாயம் ரெட்னு விதியில சேத்தாங்க. மார்கோ வான் பாஸ்டன் மாதிரி ஒரு ஆட்டக்காரன் கணுக்கால் வீணாப் போய் 1993ல 28 வயசுல கடைசி மேட்ச் ஆடி, திரும்பி வர முடியாமலே 1995ல ஓய்வு அறிவிச்ச காலம் அது. எண்பதுகள்ல நடந்த மேட்சையும் இப்ப நடக்கற மேட்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, பின்னால இருந்து ரெண்டு காலையும் வாரி விடற டேக்கிள் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கண்ணுக்கே தெரியும். கேமரா கூடினது, கிரவுண்ட் தரமானது எல்லாத்துக்கும் அதுல பங்கு இருக்கும்தான், ஆனா விதிக்கு பங்கே இல்லன்னு சொல்ல முடியாது.

மூணாவது, எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்குமா, பெரிய க்ளப்புக்கு ஒண்ணு சின்ன க்ளப்புக்கு ஒண்ணுன்னு ஆகாதா. நாலாவது, இதை யாரும் பெருசா பேசறதில்ல, தண்டனையோட வலி யாருக்குப் போகுது, பலன் யாருக்குப் போகுது.

வழி 1: எல்லாருக்கும் ஒரே மூணு மேட்ச்

இங்கிலாந்து முறை இதுதான். சீரியஸ் ஃபவுல் ப்ளேக்கு நேரடி ரெட் வாங்கினா தானா மூணு மேட்ச் தடை, ரெண்டு மஞ்சள் கார்டு (எச்சரிக்கை) சேந்து வந்த ரெட்டா இருந்தா ஒரு மேட்ச்.

இதுல இருக்கற பெரிய நல்லது, வேகம். யாரும் உக்காந்து வாதாட வேண்டாம், சனிக்கிழமை ரெட் வாங்கினா தண்டனை என்னன்னு அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும். ஸ்டார் பிளேயருக்கும் மூணு, நேத்து டீமுக்கு வந்த பையனுக்கும் மூணு.

ஆனா கேஸ்களைப் பாத்தா மனசு ஒப்ப மாட்டேங்குது. 2008 பிப்ரவரியில பர்மிங்காம்ல மார்ட்டின் டெய்லர் பண்ண டேக்கிள்ல ஆர்சனலோட எட்வார்டோவுக்கு காலெலும்பு முறிஞ்சு கணுக்கால் நழுவி வெளிய வந்துச்சு, திரும்பி ஆட கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு. டெய்லருக்கு மூணு மேட்ச். 2010 பிப்ரவரியில ஸ்டோக் கிரவுண்ட்ல ரயன் ஷாக்ராஸ் டேக்கிள்ல ஆரன் ராம்சிக்கு கால்ல ரெண்டு எலும்பும் உடைஞ்சுது, பையனுக்கு அப்ப 19 வயசு. ஷாக்ராஸ் அழுதுட்டேதான் வெளிய போனாரு, அன்னைக்கு சாயங்காலமே அவரை முதல் தடவயா இங்கிலாந்து டீமுக்கு எடுத்திருக்கறதா அறிவிப்பு வந்துச்சு. தடை மூணு மேட்ச். ராம்சி அதே வருஷம் நவம்பர்ல நாட்டிங்காம் ஃபாரஸ்ட் க்ளப்புக்கு லோன்ல (கொஞ்ச காலத்துக்கு கடனா) போய்த்தான் மறுபடி ஆட ஆரம்பிச்சாரு.

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா, மூணு மேட்ச்ங்கறது ஒரே அளவு மாதிரி தெரியும், ஆனா கிடையாது. டிசம்பர் கடைசியில மேட்ச் மேல மேட்ச் வர்றப்ப பத்து நாள்ல முடிஞ்சிரும், நாட்டு மேட்சுகளுக்காக லீக் நிக்கற நேரத்துல விழுந்தா ஒரு மாசம் இழுக்கும். இன்னொண்ணு இன்னும் முக்கியம். அடிச்சவன் அடுத்த மூணு மேட்ச் இல்லன்னா அந்த லாபம் யாருக்கு? அடுத்து அவங்களோட மோதற மூணு டீமுக்கு. காலை உடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவனோட டீமுக்கு ஒண்ணும் இல்ல.

நாட்டு மேட்ச்ல நடந்தா இது இன்னும் விசித்திரமா ஆயிடும். 2017 மார்ச்ல டப்ளின்ல வேல்ஸோட நீல் டெய்லர் டேக்கிள்ல அயர்லாந்து கேப்டன் ஷேமஸ் கோல்மனுக்கு கால் உடைஞ்சுது. ஃபிஃபா ரெண்டு மேட்ச் தடை போட்டுச்சு, ஆனா அது வேல்ஸ் மேட்சுக்கு மட்டும்தான், க்ளப்புக்கு டெய்லர் தாராளமா ஆடலாம். கோல்மன் எவர்ட்டனுக்குத் திரும்பி வர 2018 ஜனவரி ஆயிடுச்சு.

வழி 2: அடிபட்டவன் வர்ற வரைக்கும் அடிச்சவனும் வெளிய

கேக்கும்போது நெஞ்சுக்கு ரொம்ப நியாயமா படற வழி இதுதான், கோவத்துல நானும் நீங்களும் எல்லாரும் சொல்றதும் இதுதான். ஆனா உக்காந்து யோசிச்சா நாலுலயும் ரொம்ப அநியாயமானது இதுன்னு நான் நினைக்கறேன், ஏன்னு ரெண்டு கேஸை வெச்சு சொல்றேன்.

2013 மார்ச்ல விகன், நியூகாசில் மேட்ச். விகனோட கேலம் மெக்மனமன் காலை உயரத்துல நீட்டி ஸ்டட்ஸோட (ஷூவுக்கு அடியில இருக்கற முள்ளு) நேரா நியூகாசிலோட மஸாடியோ ஹைதாராவோட முட்டியில போய் விழுந்தாரு. பாக்கவே மனசு தாங்காத டேக்கிள் அது. ஆனா ஹைதாராவோட அதிர்ஷ்டம், ஸ்கேன்ல பாத்தா பயந்த அளவுக்கு ஒண்ணும் ஆகல.

2019 நவம்பர்ல எவர்ட்டன், டாட்டனம் மேட்ச். டாட்டனமோட சன் ஹியுங் மின் பின்னால ஓடி வந்து எவர்ட்டனோட ஆந்த்ரே கோமஸை வாரி விட்டாரு, எல்லா மேட்ச்லயும் நடக்கற ஒரு ஃபவுல், ரெஃபரி மொதல்ல மஞ்சள்தான் எடுத்தாரு. ஆனா கோமஸ் விழும்போது பாதம் மாட்டி, செர்ஜ் ஓரியே மேல மோதி, கணுக்கால் முறிஞ்சு திரும்பிடுச்சு. அதைப் பாத்த சன் தலையில கை வெச்சு கதறினாரு, மஞ்சள் ரெட்டா மாறுச்சு. டாட்டனம் அப்பீல் பண்ணி அந்த ரெட்டும் தடையும் ரத்தாச்சு. கோமஸ் திரும்பி வந்தது பிப்ரவரி கடைசியில, மூணரை மாசத்துக்கு மேல.

இப்ப இந்த வழி 2ஐ ரெண்டுலயும் போட்டுப் பாருங்க. முட்டிய உடைக்கற மாதிரி பாஞ்ச மெக்மனமன் சீக்கிரமே ஆட வந்துடுவாரு, வாரி விட்ட சன் மூணரை மாசம் வெளிய. பாய்ஞ்சவனுக்கு சின்ன தண்டனை, இடறி விட்டவனுக்கு பெரிய தண்டனை. இன்னொரு கேஸ்ல அடிபட்ட லிவர்பூல் பிளேயர் ஹார்வி எலியட்டே இதை உணர்ந்தாரு, 2021 செப்டம்பர்ல லீட்ஸ் கிரவுண்ட்ல பாஸ்கல் ஸ்ட்ரைக் டேக்கிள்ல கணுக்கால் நழுவி ஆம்புலன்ஸ்ல போன 18 வயசுப் பையன், அது விபத்து, அந்த ரெட்டே சரியில்லன்னு வெளிப்படையா சொன்னாரு. லீட்ஸ் அப்பீல் பண்ணாங்க, அது தள்ளுபடி ஆயிடுச்சு, ஸ்ட்ரைக் மூணு மேட்சும் வெளியதான் இருந்தாரு. சன்னுக்கு ரத்தான மாதிரி இவருக்கு ஆகல.

அதோட நடைமுறை சிக்கல் வேற. அடிபட்டவன் எப்ப ஃபிட்னு சொல்றது யாரு? அவனோட க்ளப் டாக்டர். எதிரி டீமோட முக்கியமான டிஃபெண்டர் வெளிய இருக்கணும்னு ஒரு க்ளப் தன் பிளேயரை ரெண்டு வாரம் கூட உக்கார வெச்சா யாரு கேக்க முடியும்? காயத்தோட உண்மையான அளவு அன்னைக்குத் தெரியவும் தெரியாது. ஆர்சனலோட அபு டியாபிக்கு 2006 மே மாசம் சண்டர்லாந்து மேட்ச்ல கணுக்கால் உடைஞ்சுது, அவரு மறுபடி ஆட வந்தாரு, ஆனா அதுக்கப்புறம் அவரோட கேரியர் முழுக்க காயத்துலயே போச்சு, அதை எந்தக் கணக்குல சேப்பீங்க? டேவிட் பஸ்ட் கேஸை எடுத்துக்கோங்க, 1996 ஏப்ரல்ல ஓல்டு டிராஃபோர்டுல கால் உடைஞ்சு அதோட ஃபுட்பாலே முடிஞ்சுது, ஆனா அங்க யாரும் ஃபவுலே பண்ணல, பந்துக்குப் போன எடத்துல மோதல். அங்க யாரை வாழ்நாள் பூரா வெளிய உக்கார வெப்பீங்க?

இந்த வழி சரியா வர்ற எடம் ஒண்ணே ஒண்ணுதான், வேணும்னே காலை உடைக்கப் போனான்னு சந்தேகமே இல்லாம தெரியற கேஸ். அதுக்கும் வழி 3 இன்னும் நல்லா பொருந்தும்.

வழி 3: ஒரு பேனல் உக்காந்து ஒவ்வொரு கேஸா பாக்கறது

அமெரிக்காவோட ஃபுட்பால் லீக் எம்எல்எஸ்ல டிசிப்ளினரி கமிட்டின்னு (ஒழுங்கு நடவடிக்கைக் குழு) ஒண்ணு இருக்கு, மேட்ச் முடிஞ்சப்புறம் வீடியோ பாத்து தடைய கூட்டலாம், ரெஃபரி மஞ்சளோட விட்டதையும் எடுத்துப் பாக்கலாம். 2011 ஏப்ரல்ல கொலராடோவோட பிரையன் முல்லன் டேக்கிள்ல சியாட்டிலோட ஸ்டீவ் ஸகுவானிக்கு கால் உடைஞ்சுது, முல்லனுக்கு மொத்தம் பத்து மேட்ச் தடை. ஸகுவானி திரும்பி வர 15 மாசம் போல ஆச்சு, 2012 ஜூலையில வந்தப்ப எதிர்ல இருந்தது அதே கொலராடோ, ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க.

இந்த வழியோட பலம் எங்க இருக்குன்னு புரியணும்னா இது இல்லாத எடத்துல என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். மெக்மனமன் கேஸுக்கே வர்றேன். ரெஃபரி கார்டே காட்டல. இங்கிலாந்து ஃபுட்பால் அசோசியேஷன் அப்புறமா நடவடிக்கை எடுக்கலாமான்னு பாத்தப்ப, மேட்ச் அதிகாரிகள்ல ஒருத்தர் அந்த மோதலைப் பாத்திருக்காரு, அதனால எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அதாவது யாருமே பாக்கலன்னா தண்டனை குடுக்கலாம், பாத்துட்டு தப்பா முடிவெடுத்தா குடுக்க முடியாது. ரெண்டு மாசம் கழிச்சு மே மாசம் எஃப்ஏ கப் ஃபைனல்ல மெக்மனமன் ஆடி மேன் ஆஃப் த மேட்ச் வாங்கினாரு. அவரு திறமைய நான் குறைச்சு சொல்லல, ஆனா அந்த டேக்கிளுக்கு ஒரு நிமிஷம் கூட தண்டனை இல்லங்கறது எனக்கு இன்னமும் ஆறல. அடுத்த சீசன்ல அந்த விதிய கொஞ்சம் தளர்த்தினாங்க, ஆனாலும் முழுசா போகல. 2020 அக்டோபர்ல எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் மோதி லிவர்பூலோட வான் டைக்குக்கு முட்டியில லிகமென்ட் கிழிஞ்சு மிச்ச சீசனும் யூரோ கோப்பையும் போனப்பவும் பிக்ஃபோர்டுக்கு தடை எதுவும் வரல.

நெதர்லாந்து பிளேயர் நைஜல் டி யாங் கதை இதோட முழு அளவையும் காட்டுது. 2010 மார்ச்ல ஒரு நட்பு மேட்ச்ல அவரு டேக்கிள்ல அமெரிக்காவோட ஸ்டூவர்ட் ஹோல்டனுக்கு கால் உடைஞ்சுது. ஜூலையில உலகக் கோப்பை ஃபைனல்ல ஷாபி அலோன்சோ நெஞ்சுல உதை, மஞ்சள். அக்டோபர்ல ஹாதம் பென் அர்ஃபாவுக்கு கால்ல ரெண்டு எலும்பும் முறிவு, கார்டே இல்ல, ரெஃபரி பாத்துட்டாருங்கறதால அசோசியேஷனும் கை விரிச்சுடுச்சு. கடைசியில ஏதாவது செஞ்சது நெதர்லாந்து கோச் பெர்ட் வான் மார்வைக்தான், அடுத்த ரெண்டு மேட்சுக்கு டீம்ல இருந்து தூக்கினாரு. 2016ல அதே டி யாங் எம்எல்எஸ்ல டார்லிங்டன் நாக்பியோட கணுக்கால்ல ஏறினப்ப ரெஃபரி மஞ்சள்தான் குடுத்தாரு, ஆனா கமிட்டி வீடியோ பாத்து மூணு மேட்ச் போட்டுச்சு. மூணு மேட்ச் பெருசில்ல, ஆனா தப்பிக்க முடியாதுன்னு ஆச்சு. தண்டனை எவ்வளவு நீளம்ங்கறத விட அது கட்டாயம் வரும்ங்கறதுதான் ட்ரெய்னிங் கிரவுண்ட் வரைக்கும் போய்ச் சேரும்.

இதுலயும் செலவு இருக்கு, மறைக்கக் கூடாது. பேனல்னு வந்துட்டா வக்கீல் வரும், அப்பீல் வரும், பெரிய க்ளப்போட பணம் பேசும். 1983 செப்டம்பர்ல மரடோனா கணுக்காலை உடைச்ச பில்பாவோ டிஃபெண்டர் கோய்கோச்சியாவுக்கு ஸ்பெயின்ல மொதல்ல 18 மேட்ச் போட்டாங்க, அப்புறம் அது குறைஞ்சுடுச்சு. அதே ஆளு அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பெர்ன்ட் ஷூஸ்டரோட முட்டிய காலி பண்ணவர்ங்கறத சேத்துப் பாருங்க. அப்புறம் ஸ்லோ மோஷன். மெதுவா ஓட்டிக் காட்டினா எந்த டேக்கிளும் வேணும்னே பண்ண மாதிரி தெரியும், ரெஃபரிகளை வெச்சு பண்ண ஆராய்ச்சியிலயே ஸ்லோ மோஷன்ல பாத்தா ரெட் குடுக்கறது கூடுதுன்னு வந்திருக்கு. அதனால பேனல் நிஜ வேகத்துலயும் பாக்கணும், காயம் எப்படி இருக்குன்னு ஆஸ்பத்திரி ஃபோட்டோவ பக்கத்துல வெச்சுக்கிட்டு முடிவெடுக்கக் கூடாது. இது கஷ்டம்தான், ஆனா செய்யக்கூடியது.

வழி 4: பணம், அதாவது ஃபைனும் இழப்பீடும்

ஃபைனைப் பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. முல்லனுக்கு தடையோட 5,000 டாலர் ஃபைனும் போட்டாங்க. மான்செஸ்டர் யுனைடெட்டோட ராய் கீன் 2001ல எதிர் டீமோட ஆல்ஃபி ஹாலண்ட் முட்டியில ஏறினதுக்கு மொதல்ல மூணு மேட்ச், 5,000 பவுண்டு. அடுத்த வருஷம் தன்னோட சுயசரிதையில அதைப் பத்தி எழுதினதுக்கப்புறம் இன்னும் அஞ்சு மேட்ச், 1,50,000 பவுண்டு. அந்தப் பணம் ஹாலண்டுக்குப் போகல.

இழப்பீடு வேற விஷயம், நாலு வழியில அடிபட்டவன் கைக்கு ஏதாவது போய்ச் சேர்றது இதுல மட்டும்தான். பென் காலெட்னு ஒரு பையன், மான்செஸ்டர் யுனைடெட் ரிசர்வ் டீமுக்கு 2003ல ஆடும்போது மிடில்ஸ்பரோ பிளேயர் டேக்கிள்ல கால் உடைஞ்சு ஃபுட்பாலே முடிஞ்சு போச்சு. 2008ல கோர்ட் 43 லட்சம் பவுண்டுக்கு மேல குடுக்கச் சொல்லுச்சு. கார்டன் வாட்சனும் 1997ல உடைஞ்ச காலுக்கு 9 லட்சம் பவுண்டுக்கு மேல வாங்கினாரு. ஆனா செல்சியோட பால் எலியட், தன்னை டேக்கிள் பண்ண டீன் சாண்டர்ஸ் மேல போட்ட வழக்குல 1994ல தோத்துட்டாரு, முட்டியும் போச்சு கேஸும் போச்சு. அஞ்சு வருஷம் காத்திருக்கவும் தோத்தா தாங்கவும் முடிஞ்சவங்களுக்குத்தான் இந்தக் கதவு தெறக்கும். கீழ் டிவிஷன்ல ஆடறவனுக்கு?

ஆட்டத்தைத் திருத்தற வழியா இதை நான் பாக்கல, ஏன்னா பெரும்பாலும் குடுக்கறது இன்ஷூரன்ஸ், டேக்கிள் பண்ணவன் பாக்கெட்ல இருந்து போகாது. ஆனா கேரியர் முடிஞ்சவனுக்கு இது வேணும், தடைக்குப் பதிலா இல்ல, தடையோட சேத்து.

ஒரே பார்வையில

| | நியாயம் | தடுக்குமா | எல்லாருக்கும் சமமா | மறைஞ்ச செலவு | எங்க பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| மூணு மேட்ச் | சாதாரண கேஸ்ல சரி, மோசமான கேஸ்ல போதாது | ஓரளவு | ஆமா | மேட்ச் அட்டவணை பொறுத்து அளவு மாறும், பலன் வேற டீமுக்கு | வீடியோ இல்லாத லீக் |
| வர்ற வரைக்கும் வெளிய | இல்ல, அதிர்ஷ்டத்தைத்தான் தண்டிக்குது | சந்தேகம் | இல்ல | டாக்டர் சர்டிஃபிகேட் சண்டை | எங்கயும் தனியா வேண்டாம் |
| பேனல் | நல்லா பண்ணா ரொம்ப நல்லது | அதிகம், தப்பிக்க முடியாததால | பேனலைப் பொறுத்தது | வக்கீல், தாமதம், ஸ்லோ மோஷன் | டிவியில வர்ற லீக் |
| இழப்பீடு | அடிபட்டவனுக்கு மட்டும் | இல்ல | இல்ல | வருஷக்கணக்கு, தோல்வி பயம் | கேரியர் முடிஞ்ச கேஸ் |

அப்ப எதை எடுக்கறது

டிவியில வர்ற எந்த லீக்கா இருந்தாலும் நான் கேப்பேன்: மூணு மேட்ச் அடிப்படையா இருக்கட்டும், அதுக்கு மேல ஒரு பேனல், ரெஃபரி பாத்தாரா பாக்கலையாங்கற பேச்சே இல்லாம டேக்கிளை மட்டும் பாத்து கூட்டணும், வெறும் விபத்துன்னா சன்னுக்கு பண்ண மாதிரி எடுத்தும் விடணும். ரெஃபரி முடிவை மதிக்கணும்ங்கற வாதம் எனக்குப் புரியுது, ஆனா 2006லயே இதே அசோசியேஷன் பென் தாட்சர் முழங்கையால பெட்ரோ மென்டிஸை மயக்கமடைய வெச்சப்ப, ரெஃபரி மஞ்சள் குடுத்திருந்தும் எட்டு மேட்ச் தடையும், மறுபடி தப்பு பண்ணா வர்ற மாதிரி இன்னொரு 15 மேட்ச் நிறுத்தி வெச்ச தடையும் போட்டுச்சு. அப்ப முடிஞ்சது 2010லயும் 2013லயும் ஏன் முடியல?

அந்த நிறுத்தி வெச்ச தடைங்கற யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. முதல் தடவ அளவு மீறி டேக்கிள் பண்ணவன், இயல்புல மோசமானவன் இல்லாதவன், அவனுக்கு தலைக்கு மேல தொங்கற மாதிரி ஒண்ணு. ரக்பியில தலையில மோதற டேக்கிளுக்குத் தடை வாங்கினவன், டேக்கிள் பண்ற முறைய சரி பண்ற பயிற்சிய முடிச்சா ஒரு மேட்ச் குறைக்கறாங்க. ஃபுட்பாலுக்கும் அதைக் கொண்டு வரலாம், ஷாக்ராஸ் மாதிரி அழுதுட்டுப் போறவனுக்கு ஏழு மேட்ச் கூடப் போடறத விட எப்படிப் போயிருக்கணும்னு சொல்லிக் குடுக்கறது அடுத்த ராம்சியைக் காப்பாத்தும். ரெண்டாவது மூணாவது தடவ வர்றவனுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, தொங்கிட்டு இருந்தது முழுசா விழணும்.

உள்ளூர் டோர்னமென்ட் நடத்தறவங்க கேட்டா பேனலெல்லாம் வேண்டாம்னுதான் சொல்வேன், வீடியோ இல்லாம பேனல் வெச்சா அது யார் யாருக்கு வேண்டியவங்கங்கற சண்டையா போயிடும். டோர்னமென்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆபத்தான டேக்கிளுக்கு எத்தனை மேட்ச்னு எழுதி எல்லா டீம் கேப்டன்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. ரெண்டாவது தடவ அதே ஆளு அதையே பண்ணா டோர்னமென்ட் முழுக்க கிடையாதுன்னும் அதுலயே எழுதிடுங்க. அதோட நுழைவுக் கட்டணத்துல ஒரு பகுதிய தனியா எடுத்து வெச்சு, யார் தப்புன்னு பாக்காம, அடிபட்ட பையனோட எக்ஸ்ரேவுக்கும் மாவுக்கட்டுக்கும் அன்னைக்கே குடுத்துடுங்க.